விழா நாள் விடுதலை



2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து 1,405 ஆயுள் தண்டனைக் கைதிகள் விடுதலை செய்யப்பட்டார்கள். அது பேரறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு. ஏழு ஆண்டு சிறையில் கழித்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த பெரிய விடுதலை எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி வந்தது. 2018 பிப்ரவரி 1ஆம் தேதியிட்ட அரசாணை, அந்த மாதம் 25ஆம் தேதியன்று பத்தாண்டு முடித்திருப்போரைத் தகுதியுள்ளவர்கள் என்றது. அதன்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தொகுதி தொகுதியாக வெளியே வந்தார்கள். 2021இல் அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளையொட்டி 700 பேரை விடுவிப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது.

வெளியே வந்தவர்களை எண்ணி நான் மகிழ்கிறேன். அதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்; நிலத்தகராறிலோ குடும்பச் சண்டையிலோ ஒரு கணத்தின் ஆத்திரத்தில் கொலை செய்துவிட்டு இளமை முழுவதையும் உள்ளே கழித்தவர்கள். நான் கேட்பது வேறு. 2008 அக்டோபரில் ஏழு ஆண்டு நிறைவு செய்த ஒருவர் என்ன ஆனார்? ஒரு மாதம் தாமதமாகத் தண்டிக்கப்பட்டதைத் தவிர அவருக்கும் வெளியே போன பக்கத்து அறைக்காரருக்கும் என்ன வேறுபாடு? குற்றம் ஒன்றாக இருக்கலாம், நடத்தையும் ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் அவர் அடுத்த தலைவரின் நூற்றாண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு மனிதனின் விடுதலை நாளை அவன் திருந்தியிருக்கிறானா என்ற கேள்வி தீர்மானிக்க வேண்டும். இங்கே அதை மறைந்த தலைவர் ஒருவரின் பிறந்த ஆண்டு தீர்மானித்துவிடுகிறது. இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு குறையைப் பற்றியதுதான்.

முதலில் சட்டத்தின் கட்டமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் அரசியலமைப்பில் சிறைத்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டு என்று ஊரில் எல்லோரும் நம்புகிறோம். அது தவறு. 1961இல் கோபால் கோட்சே வழக்கில், ஆயுள் தண்டனை என்பது உயிர் பிரியும் வரைக்குமான தண்டனை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் விடுதலை வேண்டுமென்றால் அரசு தண்டனையைக் குறைக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அது 473ஆவது பிரிவு. இன்னொன்று, அரசியலமைப்பின் 161ஆவது உறுப்பு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரம். 1978இல் நாடாளுமன்றம் 433-அ என்ற பிரிவைச் சேர்த்தது. மரண தண்டனை விதிக்க இடமுள்ள குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரை, குறைந்தது பதினான்கு ஆண்டு உண்மையிலேயே சிறையில் கழிக்காமல் முதல் வழியில் விட முடியாது என்பது அதன் சாரம். ஏழு ஆண்டிலும் பத்தாண்டிலும் விட வேண்டுமானால் இரண்டாவது வழிதான் மிச்சம். நம் விழாக்கால விடுதலைகள் 161ஐப் பிடித்துக்கொண்டு வந்தது இதனால்தான்.

433-அ பிரிவு செல்லுமா என்ற கேள்வி 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுக்காரரான அவர் 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். அதற்கு முன் தாமே சில வாரம் சிறையில் இருந்து பார்த்தவர். அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்த அவர், ஆளுநரின் மன்னிப்பு அதிகாரத்தை அது தொடாது என்றும் தெளிவுபடுத்தினார். கூடவே இரண்டு செய்திகளைச் சொன்னார். ஆளுநர் இந்த அதிகாரத்தை அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் பயன்படுத்த வேண்டும். அமைச்சரவையும் அதை மனம்போன போக்கில் பயன்படுத்தக் கூடாது. அதற்கென நெறிமுறை வேண்டும். ஒரு முதலமைச்சர் தமக்குப் பிறந்தநாள் என்பதற்காகவோ, பிள்ளை பிறந்தது என்பதற்காகவோ சிறையில் இருப்பவர்களை எல்லாம் திறந்துவிட்டால் அரசியலமைப்பு அதைத் தாங்காது என்று எடுத்துக்காட்டும் சொன்னார். நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு நம் அரசாணைகளை எடுத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. வாழும் முதல்வரின் பிறந்தநாளுக்குப் பதில் மறைந்த முதல்வரின் பிறந்தநாள்.

இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வார்த்திகன் என்ற அந்தணனின் கதை வருகிறது. மகனுக்கு ஒருவர் அன்பளிப்பாகத் தந்த அணிகலனைப் பார்த்த அரசனின் ஆட்கள், திருட்டுப்பொருள் என்று சொல்லி அவனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி அழுது புலம்ப, மதுரையில் கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்துத் தவற்றை உணர்ந்து, வார்த்திகனிடம் பொறுத்தருள வேண்டிக்கொள்கிறான். ஊர்களை மானியமாகத் தருகிறான். அதன்பின் நாட்டுச் சிறைகளையெல்லாம் திறக்கச் சொல்கிறான். அந்த இடத்தில் இளங்கோ காட்டும் விடுதலை கொண்டாட்டத்தில் பிறந்ததல்ல. ஒரு வழக்கில் தன் ஆட்சி தவறியிருக்கிறது என்றால் மற்ற வழக்குகளிலும் தவறியிருக்கலாம் என்ற அச்சத்தில் பிறந்தது. மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்று ஒரு காதையே இருக்கிறது. அங்கே மணிமேகலை சோழனிடம் கேட்பது ஒருநாள் திறப்பை அல்ல, அந்த இடத்தையே மாற்றித் தரச் சொல்கிறாள். மன்னர்களின் வள்ளன்மையைப் பாடிய மரபுதான் நம்முடையது. அதே மரபில் இந்த இரண்டு குரல்களும் இருந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இப்போது 2018ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு ஒரே ராஜ்பவனுக்கு இரண்டு கோப்புகள் போயின.

முதல் கோப்பு தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கைப் பற்றியது. 2000 பிப்ரவரி 2 அன்று, ஒரு கட்சித் தலைவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்ததைக் கண்டித்து நடந்த மறியலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுலாப் பேருந்து கொளுத்தப்பட்டது. மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்தார்கள். மூவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2016இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுத் திட்டத்தில் அந்த மூவரின் கோப்பும் ஆளுநருக்குப் போனது. ஒருமுறை திரும்பி வந்தது, மீண்டும் அனுப்பப்பட்டது, 2018 நவம்பரில் அவர்கள் வெளியே வந்தார்கள். அவர்கள் எந்தக் கட்சியினர் என்பதும், அப்போது எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது என்பதும் நாடறிந்த செய்தி.

இரண்டாவது கோப்பு, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் கைதிகளாக இருந்த ஏழு பேரைப் பற்றியது. அவர்களை விடுவிக்கலாம் என்று 2018 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாடு அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் கையெழுத்திடவில்லை, மறுக்கவும் இல்லை. ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கோப்பைக் கையில் வைத்திருந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளன் பத்தொன்பது வயதில் கைதானவர். அவருடைய தாயார் அற்புதம்மாள் முப்பது ஆண்டு ஒவ்வொரு அலுவலகத்தின் படியாக ஏறி இறங்கியவர். கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆவது உறுப்பின்கீழ் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும், காரணமற்ற தாமதத்தை நீதிமன்றம் ஆராயலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நளினி உள்ளிட்ட மற்ற ஆறு பேர் அந்த ஆண்டு நவம்பர் 11 அன்று விடுவிக்கப்பட்டார்கள்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உங்கள் கருத்து என்னவாகவும் இருக்கட்டும். அன்று ஸ்ரீபெரும்புதூரில் தலைவரோடு இறந்துபோன காவலர்களும் பொதுமக்களும் உண்டு. அவர்கள் குடும்பத்தாரின் துயரத்தை நான் சிறிதாக்கவில்லை. சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு கோப்பு அந்த ஆண்டுக்குள்ளேயே நகர்கிறது, இன்னொரு கோப்பு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு அசையவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு காகிதமும் இல்லை. எந்த விதிப்படி ஒன்று நகர்ந்தது, எந்த விதிப்படி மற்றொன்று நின்றது என்று எழுத்தில் காட்ட முடியாத அதிகாரத்தைக் குடியரசில் எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது, ஆளுநரானாலும் அமைச்சரவையானாலும்.

இதே நோய்க்கு இன்னொரு முகம் உண்டு. அதில் நம் விடுதலை ஆர்வலர்கள் பலர் பேசத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே காரணத்துக்காக முருகேசனும் அவருடன் இருந்த தலித்துகளும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுத் திட்டத்தில் வெளியே வந்தார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களை முன்கூட்டி அழைத்துக் கேட்க அந்தத் திட்டத்தில் வழி இல்லை. சாதியின் பெயரால், ஒரு சமூகமே அரசியலுக்கு வரக் கூடாது என்று அச்சுறுத்துவதற்காகச் செய்யப்பட்ட கொலையை, வரப்புச் சண்டையில் நடந்த கொலையோடு ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறது பிறந்தநாள் அரசாணை. ஆண்டைக் கூட்டிப் பார்க்கத்தான் அதற்குத் தெரியும்.

குஜராத்தில் நடந்தது இன்னும் கொடியது. 2002 கலவரத்தில் பில்கிஸ் பானுவைக் கூட்டு வன்கொடுமை செய்து, அவருடைய மூன்று வயதுக் குழந்தை உள்ளிட்ட குடும்பத்தாரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரும் 2022 ஆகஸ்ட் 15 அன்று, விடுதலைத் திருநாளில், கோத்ரா சிறையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். வாசலில் அவர்களுக்கு இனிப்பும் மாலையும் கிடைத்தன. அவர்களுக்காகப் பரிந்துரைத்த சிறை ஆலோசனைக் குழுவில் ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களும் இடம்பெற்றிருந்தார்கள். விசாரணை நடந்த மும்பை நீதிமன்றம் எதிர்ப்புத் தெரிவித்திருந்தது, வழக்கை நடத்திய சி.பி.ஐ.யும் எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. வழக்கு விசாரிக்கப்பட்டுத் தண்டனை விதிக்கப்பட்டது மகாராஷ்டிரத்தில் என்பதால் குஜராத் அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை என்றது. இரண்டு வாரத்தில் எல்லோரும் மீண்டும் சிறைக்குப் போக வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட விடுதலைகளுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? உள்ளே இருக்கும் எளியவன் கொடுக்கிறான். 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் தண்டனைக் குறைப்பை இயந்திரம் போல வழங்கிவருவதைக் கண்டு கவலைப்பட்டது. ஆயுள் தண்டனை பதினான்கு ஆண்டில் முடிந்துவிடும் என்றால் சில வழக்குகளில் தூக்குத் தண்டனையைக் குறைக்கவே நீதிபதிகள் தயங்குவார்கள் என்று எண்ணியது. அதனால் தண்டனைக் குறைப்புக்கே இடமில்லாத நீண்ட காலத் தண்டனை என்ற புதிய வகையை உண்டாக்கியது. 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு அதை உறுதிசெய்து, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே அதை விதிக்கலாம் என்றது. இன்று இருபது ஆண்டு, இருபத்தைந்து ஆண்டு, முப்பது ஆண்டு தண்டனைக் குறைப்புக்கு இடமில்லை என்று தீர்ப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அத்தகைய தீர்ப்பைப் பெற்றவர் எவ்வளவு திருந்தினாலும் அந்தக் காலக்கெடு முடியும் வரை 161ஆவது உறுப்பைத் தவிர வேறு வழியில் அரசு அவரை முன்விடுதலைக்குக் கருத முடியாது. அரசுகள் பொறுப்போடு நடந்திருந்தால் நீதிமன்றங்கள் இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

மதத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். கோவைத் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது 1998 பிப்ரவரி 14 அன்று. 58 பேர் இறந்தார்கள். அந்த வழக்குகளில் தண்டிக்கப்பட்ட முஸ்லிம் கைதிகள் எந்த நூற்றாண்டுத் திட்டத்திலும் இடம்பெறவில்லை. மதமோதல் தொடர்பான குற்றம் விலக்கு என்று அரசாணையில் ஒரு வரி இருந்தாலே போதும், ஒவ்வொருவரும் என்ன செய்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று பார்க்கத் தேவையே இல்லாமல் போகிறது. 2021 டிசம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2023 ஆகஸ்டில் 49 பேரின் கோப்புகள் ஆளுநருக்கு அனுப்பப்பட்டன. அதில் 20 பேர் முஸ்லிம்கள். மேலவளவுக் கொலையாளிகளைப் பற்றி நான் சொன்னதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை. எந்தக் குற்றத்தையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே சேர்க்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு விலக்கவும் வேண்டாம் என்கிறேன். ஒவ்வொரு மனிதனையும் தனியாகப் பாருங்கள் என்கிறேன்.

தனியாகப் பார்ப்பதற்கு நம்மிடம் அமைப்பு இல்லாமல் இல்லை. சிறைகளில் அறிவுரைக் கழகம் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். சிறைக் கண்காணிப்பாளர், காவல்துறை, மாவட்ட ஆட்சியர், தண்டித்த நீதிமன்றம் என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டு லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எதையெதைப் பார்க்க வேண்டும் என்றும் எடுத்துச் சொன்னது: குற்றம் சமூகம் முழுவதையும் பாதித்ததா, மீண்டும் நிகழ வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் ஆற்றல் இன்னும் அவரிடம் இருக்கிறதா, இனியும் உள்ளே வைத்திருப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. நல்ல கேள்விகள். ஆனால் கோப்பில் வரும் பதில்களைப் படித்திருக்கிறீர்களா? வழக்கறிஞராக நான் படித்த அறிக்கைகளில் பெரும்பாலானவை இரண்டு வரிகள். மறுதரப்பினர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புண்டு. எழுபது வயதைத் தொட்டு, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத ஒருவரைப் பற்றியும் இதே இரண்டு வரிகளைப் பார்த்தேன். எதிர்ப்புத் தெரிவித்த மறுதரப்பினர் ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டு ஆகியிருந்தது.

நீதிமன்றத்தின் கருத்தும் பல நேரம் இப்படித்தான். தண்டனை விதித்த நீதிபதி ஓய்வுபெற்றிருப்பார். அந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் கைதியைப் பார்த்ததே இல்லை; பழைய தீர்ப்பைப் புரட்டி, குற்றம் கொடியது என்று எழுதி அனுப்புவார். குற்றம் கொடியது என்பதால்தானே ஆயுள் தண்டனை? பதினான்கு ஆண்டுக்குப் பின்னும் அதே கேள்விக்கு அதே விடையைச் சொல்வதற்கு எதற்கு ஒரு குழு? 2022இல் ராம் சந்தர் வழக்கிலும் 2023இல் பிகாரிலிருந்து வந்த ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. காரணம் சொல்லாத கருத்து கருத்தாகாது, நீதிபதியின் கருத்து ஒன்றை மட்டும் வைத்து மறுக்கவும் கூடாது என்றது. அதே 2023இல் கேரளத்தில் 26 ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்த ஒருவரை உடனே விடச் சொன்னது.

முன்விடுதலையோடு பிரிக்க முடியாதது விடுப்பு. நாளேடுகளில் பரோல் என்று வரும். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி சாதாரண விடுப்பு என்றும் அவசர விடுப்பு என்றும் இரு வகை. மூன்றாண்டு கழித்த கைதி சாதாரண விடுப்பு கேட்கலாம். நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், திருமணம் என்றால் அவசர விடுப்பு. எழுத்தில் இருப்பதுபோல் நடந்தால் நான் இதைப் பேசவே வேண்டாம். பேரறிவாளனுக்கு முதல்முறை விடுப்புக் கிடைத்தது 2017 ஆகஸ்டில். மரண தண்டனைக் கைதியாக இருந்த காலத்தைத் தள்ளிப் பார்த்தாலும் நெடுங்காலக் காத்திருப்பு அது. நளினி தம் மகளின் திருமண ஏற்பாட்டுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாமே நின்று வாதாடி, 2019 ஜூலையில் ஒரு மாத விடுப்புப் பெற்றார். இருபத்தெட்டு ஆண்டுக்குப் பின்.

இவர்கள் நாடறிந்த கைதிகள். பெயர் தெரியாதவர்களின் நிலை என்ன? தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தி காலையில் வருகிறது. மனு எழுத வேண்டும், காவல்நிலையத்திலிருந்து சரிபார்ப்பு வர வேண்டும், வழிக்காவலுக்கு ஆள் ஒதுக்க வேண்டும். வழிக்காவலுக்குப் போதிய காவலர் இல்லை என்ற ஒரு காரணத்தால், இரண்டாம் நாள் பாலுக்குக்கூடப் போய்ச் சேர முடியாத மகன்களை நான் அறிவேன். பெண் கைதிகளின் நிலை இன்னும் துயரமானது. விடுப்பில் வருபவரை ஏற்றுக்கொள்ள வெளியே ஒருவர் கையெழுத்திட வேண்டும். கணவனைக் கொன்ற வழக்கில் உள்ளே இருக்கும் பெண்ணுக்காகப் பிறந்த வீடும் புகுந்த வீடும் கையெழுத்திட வருவதில்லை. பார்க்கவே வராதவர்கள் கையெழுத்துக்கு எப்படி வருவார்கள்?

விடுப்பு மறுக்கப்பட்ட குடும்பங்கள் நீண்ட காலம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைத்தான் நம்பியிருந்தன. மனைவியோ தாயோ மனுதாரர். அவசரம் கருதி நீதிபதிகளும் அதை ஏற்று விடுப்பு வழங்கிவந்தார்கள். 2020 ஜனவரியில் தமிழ்நாட்டு வழக்குகளிலேயே உச்ச நீதிமன்றம், சட்டப்படி தண்டனை பெற்று இருப்பவருக்கு ஆட்கொணர்வு மனு பொருந்தாது என்று அந்த வழியை அடைத்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நிர்வாகம் நேரத்தில் முடிவெடுத்திருந்தால் அந்த மனுக்களே எழுந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விடுப்பை அதிகாரிகள் சலுகையாகப் பார்க்கிறார்கள். நான் அதை விடுதலைக்கான பயிற்சியாகப் பார்க்கிறேன். பதினைந்து ஆண்டு வெளியுலகம் பார்க்காதவரை ஒரு நாள் காலையில் கையில் சிறு தொகையோடு பேருந்து நிலையத்தில் விட்டால் என்ன ஆவார்? இடையிடையே வந்து, ஊரோடும் மனைவி மக்களோடும் பழகி, திரும்பச் சொன்ன நாளில் திரும்பியவரைப் பற்றி அறிவுரைக் கழகம் நம்பிக்கையோடு முடிவெடுக்கலாம். விடுப்பிலிருந்து ஒழுங்காகத் திரும்புவதைவிட நல்ல சான்று ஏது? ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்கு அருகே சாங்கனேர் திறந்தவெளிச் சிறையில் 1960களிலிருந்து ஆயுள் கைதிகள் குடும்பத்தோடு வாழ்ந்து, காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். நம்மிடமும் கோவை சிங்காநல்லூரில், சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறைகள் உண்டு. இடம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. அங்கே அனுப்பப்படுவோரின் எண்ணிக்கைதான் சிறிது.

இந்த நிலையில் 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் வழங்கியது. சட்ட மாணவர்கள் அதை முழுதாகப் படிக்க வேண்டும். முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலத்தில், தகுதி பெற்ற கைதி மனுப் போட்டிருக்கிறாரா என்று பார்க்கக் கூடாது. அரசே அவரது வழக்கை எடுத்துப் பரிசீலிக்க வேண்டும். கொள்கை இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதத்தில் வகுக்க வேண்டும். விடுவித்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும். அந்த உத்தரவு சிறை வழியாகக் கைதியின் கைக்குப் போக வேண்டும்; மறுப்பை எதிர்த்து வழக்காடலாம் என்றும் அவருக்குச் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பின் விதிக்கும் நிபந்தனைகள் யாராலும் கடைப்பிடிக்க முடியாதவையாகவோ தெளிவற்றவையாகவோ இருக்கக் கூடாது. விடுதலையைத் திரும்பப் பெறுவதென்றால் அவர் தரப்பைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு தீர்ப்பு, குறிப்பிட்ட ஆண்டுகள் என்று விதிக்கப்பட்ட தண்டனை முடிந்த பிறகும் யாரேனும் உள்ளே இருக்கிறார்களா என்று எல்லா மாநிலங்களையும் தேடிப் பார்க்கச் சொன்னது. அப்படித் தேடச் சொல்ல வேண்டிய நிலைமை இருந்தது என்பதே எவ்வளவு பெரிய வெட்கம்!

பரிசீலனை கருணை சார்ந்ததல்ல, கைதிக்கு உரியது என்பதை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்திவிட்டது. இனி மாநிலத்தின் வேலை. தமிழ்நாடு சட்டமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்ற வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். பதினான்கு ஆண்டு நிறைவதற்கு ஆறு மாதம் முன்பே கோப்பு தொடங்க வேண்டும். அறிவுரைக் கழகத்தில் அரசியல்வாதி இருக்கக் கூடாது. மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்க வேண்டும். கொல்லப்பட்டவரின் குடும்பத்தை அழைத்து மரியாதையோடு கேட்க வேண்டும். அவர்களுக்கு முடிவைத் தடுக்கும் அதிகாரம் தர வேண்டியதில்லை, அவர்களுக்குத் தெரியாமல் முடிவெடுக்கும் அவமதிப்பு நிற்க வேண்டும். குறித்த நாளுக்குள் காவல்துறை அறிக்கை வரவில்லையென்றால் எதிர்ப்பு இல்லை என்று கொண்டு மேலே போக வேண்டும். 161ஆவது உறுப்பு அப்படியே இருக்கட்டும். தீராத நோயாளி, முதியவர், வழக்கே தவறாகப் போனதோ என்று ஐயம் எழும் மனிதர் என விதிக்குள் அடங்காதவர்களுக்கு அது வேண்டும். விதியின் வேலையை அதன் தலையில் சுமத்தக் கூடாது.

இந்தச் சீர்திருத்தத்தால் குற்றவாளிகள் தப்பிப்பார்கள் என்று சிலர் அஞ்சுவார்கள். இதுவரை தப்பித்தவர்களை எண்ணிப் பாருங்கள். 1964இல் பம்பாய் ஆளுநர் மாளிகையில் மன்னிப்புப் பெற்ற கடற்படை அதிகாரி நானாவதி முதல் கோத்ராவில் மாலை வாங்கியவர்கள் வரை, தப்பித்தவர்கள் விதி இல்லாத இடத்தில்தான் தப்பித்தார்கள். விதி வந்தால் பயன்பெறப் போகிறவர்கள் தங்களுக்காகப் பேச ஆளில்லாதவர்கள். நம் நாட்டுச் சிறைகளில் தண்டனைக் கைதிகளில் பாதிக்கு மேல் ஆயுள் கைதிகள். அவர்களில் பெரும்பாலோரின் பெயரை எந்த நாளேடும் அச்சிட்டதில்லை.

கடைசியாக, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. படிப்பு முடிந்து வழக்கறிஞராகப் பதிவுசெய்த முதல் ஆண்டிலேயே அங்கே போய், பதினான்கு ஆண்டு நிறைவுசெய்த ஆயுள் கைதி ஒருவரின் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அவர் பரிசீலிக்கப்பட்டாரா, மறுக்கப்பட்டிருந்தால் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, உத்தரவின் நகல் அவர் கைக்கு வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். அந்த நகல் அவருக்குச் சேர வேண்டும் என்பது 2025 முதல் இந்த நாட்டின் சட்டம்.